மூங்கில் குறுக்குவில்: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

வீட்டிலேயே செய்த குறுக்குவில் (கட்டையின் மேல் குறுக்கே வில்லைப் பொருத்தி, விசையைத் தட்டி எய்வது) சரியாக எய்யாவிட்டால் பெரும்பாலானவர்கள் முதலில் வில்லைச் செதுக்குவார்கள், இல்லாவிட்டால் அம்பை மாற்றுவார்கள். இரண்டுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது நாணை. நாணைப் பிடித்து நிறுத்தும் பூட்டு, அம்பு கிடந்து ஓடும் தடம், அம்பின் அடி என மூன்று இடத்திலும் உரசுவது நாண் மட்டும்தான். எந்த இடத்தில் கோளாறு இருந்தாலும் அதன் தழும்பு நாணில் விழும். கீழே வரும் அறிகுறிகளில் பாதிக்கு மேல் நாணைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாலே விடை கிடைத்துவிடும்.

இங்கே சொல்லும் அளவுகள் எல்லாம் குறி பார்த்து எய்து பழகும் சிறிய வில்லுக்கு உரியவை. வில் மூன்று மூங்கில் பட்டைகளை ஒட்டியது. நீளம் 100 செ.மீ., நடுவில் அகலம் 36 மி.மீ., தடிமன் 10 முதல் 11 மி.மீ., முனையில் அகலம் 15 மி.மீ. முழு இழுவையில் (நாணைப் பூட்டு வரை இழுக்க) 18 கிலோ, அதாவது சுமார் 40 பவுண்டு. நாண் தளர்ந்து நிற்கும் இடத்திலிருந்து பூட்டு வரை 18 செ.மீ. கட்டை தேக்கு அல்லது வேங்கை, நீளம் 70 செ.மீ., குறுக்களவு 5 × 4 செ.மீ. பூட்டு மிக எளிய வகை: கட்டையின் மேல் குறுக்கே ஒரு வெட்டு, அதன் அடியிலிருந்து மேலே வரும் ஒரு முளை, முளையைத் தள்ளும் ஒரு விசைக்கோல். நார்வேயில் பெர்கன் பக்கத்தில் 19ஆம் நூற்றாண்டின் இறுதி வரை திமிங்கிலம் பிடிக்கப் பயன்படுத்திய வில்களிலும் முளை தள்ளும் பூட்டுதான் இருந்தது. சுழலும் உருளைப் பூட்டு செய்யக் கடைசல் வேலை வேண்டும், இதற்கு உளியும் அரமும் போதும்.

சோதனைக்கு முன் சில கட்டுப்பாடுகள். அம்பு இல்லாமல் விசையைத் தட்டவே கூடாது. கட்டைவிரல் தடத்தின் மட்டத்துக்கு மேலே வரவே கூடாது. திரும்பி வரும் நாண் விரல் நுனியைக் கொண்டுபோய்விடும். கண்ணாடி அணியுங்கள். இலக்குக்குப் பின்னால் மண்மேடோ கனமான பஞ்சுச் சுவரோ இருக்க வேண்டும், வேலியோ தகரமோ போதாது. இது குறிப்பழக்கத்துக்கு மட்டும். பறவை, விலங்கு என்று போனால் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் காத்திருக்கிறது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றிய பின் ஐந்து அம்பு எய்து பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று தெரியாமலே போகும்.

நாண் பூட்டில் நிற்காமல் தானாக விடுபடுகிறது

இருக்கும் கோளாறுகளிலேயே ஆபத்தானது இது. இதைச் சரிசெய்யும் வரை வேறெதையும் சோதிக்க வேண்டாம்.

நாணைத் தாங்குவது வெட்டின் முன்சுவர், அதாவது வில்லின் பக்கம் இருக்கும் சுவர். அந்தச் சுவரின் மேல் விளிம்பு மழுங்கினால் நாண் அதன் மேல் உருண்டு ஏறிவிடும். விரல் நகத்தை விளிம்பின் மேல் இழுத்துப் பாருங்கள். நகம் தடைபட்டு நிற்க வேண்டும். வழுக்கிப் போனால் விளிம்பு போய்விட்டது. தேக்கு மட்டும் இருந்தால் இந்த மழுக்கல் சீக்கிரமே வரும். மரத்தில் நேரடியாக வெட்டாமல், முன்சுவரில் 4 மி.மீ. தடிமனுள்ள ஒரு பட்டையைப் பதித்து எபாக்சியால் ஒட்டுவதுதான் நிரந்தரத் தீர்வு. எருமைக் கொம்பு, புளியமரத்தின் வைரப் பகுதி, பித்தளை மூன்றும் தாங்கும். மான் கொம்பு வேண்டாம், அது சட்டச் சிக்கல். பித்தளை வைத்தால் விளிம்பை 600 எண் உப்புத்தாளில் ஒரே ஒரு முறை லேசாகத் தடவுங்கள். கத்திபோல இருந்தால் நாணை அறுக்கும், உருண்டால் நாணை விடும்.

அடுத்தது சுவரின் சாய்வு. முன்சுவர் செங்குத்தாகவோ, மேல் விளிம்பு எய்பவரின் பக்கம் 3 முதல் 4 பாகை சாய்ந்தோ இருக்க வேண்டும். அப்போது இழுவையே நாணை வெட்டின் அடிக்கு அமுக்கும். எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தால் அதே இழுவை நாணை மேலே ஏற்றும். பயந்துகொண்டு 10 பாகை சாய்த்துவிடாதீர்கள். விசை கல்லாகிவிடும், கணக்கு கீழே வருகிறது.

வெட்டின் ஆழம் நாணின் குறுக்களவே இருக்கட்டும், 4 மி.மீ. நாணுக்கு 4 மி.மீ. முளையின் தலை வெட்டின் அடித்தளத்துக்கு அரை மி.மீ. கீழே நிற்க வேண்டும். முளை மேலே துருத்திக்கொண்டிருந்தால் நாண் பாதி ஆழத்தில்தான் உட்காரும், சின்ன அதிர்வு போதும். விசைக்கோல் முளையைத் தள்ளிக்கொண்டிருப்பதும் உண்டு. அதற்குக் கோலின் அடியில் ஒரு மெல்லிய சுருள்வில்லோ ரப்பர் பட்டையோ போட்டுக் கீழே இழுத்து வையுங்கள்.

பூட்டு வெட்டில் மெழுகோ எண்ணெயோ பூச வேண்டாம். அங்கே உராய்வுதான் காவல்.

சரிசெய்த பூட்டை நேராக அம்பு வைத்துச் சோதிக்காதீர்கள். நாணின் நடுவில் தடித்த கயிறு ஒன்றை வளையமாகக் கோத்து, கட்டையின் பின்முனையில் இறுகக் கட்டுங்கள். நாண் விடுபட்டாலும் 2 செ.மீ.க்கு மேல் ஓடாத அளவு கயிறு இருக்கட்டும். இப்போது பூட்டி, கட்டையின் பக்கவாட்டிலும் அடியிலும் மரச்சுத்தியால் பலமாகத் தட்டுங்கள். இருபது தட்டுக்கு நின்றால் பூட்டு நம்பத் தக்கது. ஒரு தடவை விடுபட்டாலும் மறுபடி அரம்தான்.

விசை கல்லாக இருக்கிறது, இழுக்கும்போது கட்டையே அசைகிறது

நாணை வெட்டிலிருந்து மேலே தள்ள முளை வெல்ல வேண்டியது உராய்வை. 18 கிலோ இழுவையில், நாணுக்கும் கொம்புக்கும் உராய்வுக் கெழு 0.25 என்று வைத்தால் 4.5 கிலோ. சுவர் 10 பாகை சாய்ந்திருந்தால் கூடவே இன்னொரு 3 கிலோ. விசைக்கோலில் அச்சாணியிலிருந்து முளை 2 செ.மீ., விரல் படும் இடம் 10 செ.மீ. என்றால் விரலுக்கு ஐந்தில் ஒரு பங்குதான் வரும்: சரியான சாய்வில் 1 கிலோவுக்குச் சற்று மேல், 10 பாகையில் ஒன்றரைக் கிலோ. உங்கள் விசை 3 கிலோ கேட்டால் தப்பு சாய்வில் மட்டும் இல்லை. முளை துளைக்குள் சிக்குகிறது.

முளைக்கு 5.5 மி.மீ. பித்தளைக் கம்பி, துளைக்கு 6 மி.மீ. துரப்பணம். மழைக்காலத்தில் மரம் உப்பித் துளை இறுகும். துளைக்குள் பித்தளைக் குழாய் ஒன்றைப் பதித்துவிட்டால் அந்தப் பிரச்சினையே இருக்காது. முளையின் அடியை உருண்டையாகத் தீட்டுங்கள். கோல் மேலே வரும்போது வட்டமாகத்தான் நகரும், தட்டையான அடி ஒரு ஓரத்தில் மாட்டி முளையைச் சாய்த்துவிடும். முளை மேலே வர வேண்டிய தூரம் 5 மி.மீ. அதற்கும் குறைந்தால் நாண் பாதி ஏறி விளிம்பில் தொங்கும், பிறகு எப்போது விடுபடும் என்று சொல்ல முடியாது.

கோலை நீட்டி விசையை மென்மையாக்கலாம் என்று தோன்றும். 12 செ.மீ. வரை சரி. அதற்கு மேல் போனால் கோல் மரமாக இருப்பதால் வளையும், விரல் நகரும், முளை நகராது.

அம்பு எப்போதும் ஒரே பக்கம் போகிறது

முதலில் எவ்வளவு போகிறது என்று அளவெடுங்கள். 5 மீட்டரில் ஐந்து அம்பு, 10 மீட்டரில் ஐந்து அம்பு. விலகலின் நடுமட்டத்தை இரண்டிலும் குறியுங்கள்.

5 மீட்டரில் 6 செ.மீ., 10 மீட்டரில் 12 செ.மீ. என்று இரட்டித்தால் கோணப் பிழை. குறிமுளை (குறி பார்க்கக் கட்டையின் மேல் நிற்கும் சிறு முளை) விலகியிருக்கிறது, அல்லது தடம் கட்டைக்கு நேராக இல்லை, அல்லது வில் குறுக்கே சாய்ந்து பொருந்தியிருக்கிறது. இரண்டு தூரத்திலும் ஏறத்தாழ ஒரே விலகல் என்றால் குறிமுளையும் தடமும் ஒன்றுக்கொன்று இணையாக, பக்கத்தில் தள்ளி நிற்கின்றன. அது பெரிய குற்றமில்லை, குறிமுளையை நகர்த்தினால் முடிந்தது. இரட்டிப்புக்கு மேல், 6 செ.மீ. 20 ஆகிவிட்டது என்றால் அம்பு வளைந்து பறக்கிறது. அங்கே வில்லைத் தொடாதீர்கள், இறகைப் பாருங்கள்.

கோணப் பிழைக்கு ஒரு நூல் போதும். பூட்டின் நடுவில் ஒரு ஊசி குத்தி, அதிலிருந்து வில்லின் இடது முனைக்கும் வலது முனைக்கும் நீளாத நூலை நீட்டி அளந்து பாருங்கள். இரண்டும் 1 மி.மீ.க்குள் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் வில் திரும்பியிருக்கிறது. வில்லின் இருக்கையில் (கட்டையில் வில் உட்காரும் வெட்டில்) நீளமான பக்கம் எதுவோ, அந்தப் பக்கத்து முனை பூட்டை நோக்கி நகரும்படி ஆப்பு வையுங்கள். குளிர்பானக் கேன் தகடு 0.1 மி.மீ. தடிமன். பழைய ஏடிஎம் அட்டை 0.76 மி.மீ. இரண்டையும் கத்தரித்துக் கையில் வைத்துக்கொண்டால் எந்த ஆப்பும் பஞ்சமில்லை.

நூல் ஒத்துப்போகிறது, அம்பு இன்னும் போகிறது என்றால் வில்லின் இடது, வலது பாதிகளின் வலிமை சமமில்லை. வில்லை நாண் ஏற்றி, இழுக்காமல் படுக்கவைத்து, ஒரு நேர்கோலை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் 10, 20, 30, 40 செ.மீ.யில் கோலுக்கும் வில்லின் உட்பக்கத்துக்கும் உள்ள இடைவெளியை எழுதுங்கள். இரண்டு பக்கமும் 2 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். குறைவாக வளைந்த பக்கம் வலுவானது, செதுக்க வேண்டியது அதை மட்டும். கத்தி முதுகோ உடைந்த கண்ணாடித் துண்டோ பிடித்து, உட்பக்கத்தில், அதாவது எய்பவரைப் பார்க்கும் பக்கத்தில், 20 இழுப்பு. பிறகு பாதி இழுவைக்கு 30 தடவை வளைத்துவிட்டு மறுபடி அளவு. வெளிப்பக்கத்து மூங்கில் தோலைத் தொடவே கூடாது. மூங்கிலின் நார் தோலருகே அடர்த்தி, உள்ளே போகப்போக நெகிழ்வு. இழுவிசையைத் தாங்குவது அந்தத் தோல்தான்.

மூன்றாவது காரணம் எய்பவரின் கையில் இருக்கிறது. நாணை நடுவிலிருந்து எப்போதும் ஒரே பக்கம் தள்ளிப் பூட்டினால் அம்பும் ஒரே பக்கம் போகும், தள்ளுவது மாறி மாறி வந்தால் ஒவ்வொரு அம்பும் வேறு வேறாகப் போகும். நாணின் நடுவில், மேல்சுற்றின் (தேயாமல் காக்க நாணின் மேல் சுற்றிய நூலின்) மேல், சிவப்பு நூலால் 3 மி.மீ. அகலம் அடையாளம் கட்டுங்கள். பூட்டிய பின் அந்தச் சிவப்பு தடத்தின் நடுக்கோட்டில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அம்பை வைக்க வேண்டும். கையால் இழுப்பதைவிட, இரண்டு கொக்கியும் ஒரு கயிறும் வைத்து, கட்டையின் பின்முனையில் ஒரு பள்ளத்தில் கயிற்றைப் போட்டு இழுத்தால் இரண்டு பக்கமும் தானே சமமாகும்.

அம்பு உயரே எகிறுகிறது, அல்லது நாண் அம்பின் மேலேறிப் போகிறது

நாண் அம்பின் அடியை எந்த உயரத்தில் அடிக்கிறது என்பதே கேள்வி. 9 மி.மீ. தடிமனுள்ள அம்பு தட்டையான கட்டையில் கிடந்தால் அதன் நடு 4.5 மி.மீ. உயரத்தில். 4 மி.மீ. நாணின் நடு 2 மி.மீ. உயரத்தில். அதனால் நாண் அம்பின் கீழ்ப்பாதியைத் தள்ளும், மூக்கு தூக்கும், அம்பு எகிறும். தடத்தை 2.5 மி.மீ. ஆழத்துக்கு வட்ட அரத்தால் குழித்தால் அம்பின் நடுவும் 2 மி.மீ.க்கு இறங்கிவிடும், அடி நடுவில் விழும். அதற்கு மேல் குழித்தால் நாண் மேல்பாதியைத் தள்ளும், வால் தூக்கும்.

நாண் அம்பின் மேலே ஏறிப் போவதற்குக் காரணம் பெரும்பாலும் தடத்தின் ஆழமே இல்லை. வில் உயர உட்கார்ந்திருக்கிறது, நாண் கட்டையைத் தொடாமல் மிதக்கிறது. நாண் தளர்ந்த நிலையில் நாணுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு தாளை நுழையுங்கள். தாள் லேசாகப் பிடிபட வேண்டும், இழுத்தால் கிழியாமல் வர வேண்டும். தானாக விழுந்தால் வில் உயரம். இழுத்தாலும் வராமல் கிழிந்தால் நாண் கட்டையை அமுக்குகிறது, வேகம் உராய்விலேயே போகிறது. வில்லின் இருக்கையைக் கட்டையின் மேல்தளத்துக்கு 3 முதல் 5 பாகை சாய்த்து வெட்டினால், இழுக்கும்போது கோடு மாறாமல் நாண் தடத்தோடு ஒட்டியே வரும். இதே தாள் சோதனையைக் கயிற்றால் பாதி இழுவையில் நிறுத்தியும் செய்யுங்கள். தளர்வில் சரியாக இருந்து பாதியில் மிதக்கும் வில்கள் நிறைய.

நாண் அம்பின் மேலே ஏறிப் போனது ஒரு தடவை நடந்தாலும், அது அம்பில்லாமல் வெறும் நாணை எய்ததற்குச் சமம். கீழே விரிசல் பகுதியில் சொல்லும் சோதனை எல்லாவற்றையும் செய்துவிட்டுத்தான் அடுத்த அம்பு.

அம்பு காற்றில் வாலாட்டிக்கொண்டு போகிறது

ஒரு மரச்சட்டத்தில் செய்தித்தாளை இறுக ஒட்டி, வில்லின் முன் 2 மீட்டரில் நிறுத்துங்கள், அதன் பின்னால் ஒரு மீட்டர் தள்ளி இலக்கு. தாளின் கிழிசல் எல்லாவற்றையும் சொல்லிவிடும். ஒரு வட்ட ஓட்டையும் இறகுக் கீறல்களும் மட்டும் இருந்தால் அம்பு நேராகப் போகிறது. ஓட்டைக்கு மேலே கிழிசல் நீண்டால் வால் தூக்கியிருக்கிறது: நாண் அடிப்பது உயரத்தில். கீழே நீண்டால் நாண் அடிப்பது தாழ்வில். பக்கவாட்டில் நீண்டு, எப்போதும் ஒரே பக்கம் என்றால் மேலே சொன்ன வில் சமமின்மை. ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு பக்கம் என்றால் அம்பே சரியில்லை.

இந்த வில்லுக்கு அம்பு 36 செ.மீ., எடை 26 கிராம். பழைய வில்லாளிகளின் கணக்குப்படி ஒரு பவுண்டு இழுவைக்கு 10 கிரெய்ன், 40 பவுண்டுக்கு 400 கிரெய்ன், அது 26 கிராம். அம்பைக் கண்ணாடிப் பலகையில் உருட்டுங்கள். தட்தட் என்று துள்ளினால் வளைவு. மூங்கில் அம்பை மெழுகுவத்திச் சூட்டில் காட்டி வளைவுக்கு எதிர்ப்பக்கம் வளைத்து ஆறும்வரை பிடித்திருந்தால் நேராகும். எடைபோட்டு, ஒரு கிராமுக்குள் ஒத்த அம்புகளை மட்டும் ஒரு கட்டாக வையுங்கள்.

சமநிலைப் புள்ளி அம்பின் நடுவிலிருந்து முனைப் பக்கம் 4 முதல் 5.5 செ.மீ. தள்ளி வர வேண்டும். நடுவுக்கு அருகில் வந்தால் இறகு எவ்வளவு பெரிதானாலும் வாலாட்டம் நிற்காது. முனைக்கு எடை கூட்டுங்கள், வாலில் பசையைக் குறையுங்கள். இறகு 8 செ.மீ. நீளம், 12 மி.மீ. உயரம், வான்கோழி இறகு நல்லது. ஃபைல் அட்டையின் பிளாஸ்டிக்கை வெட்டி ஒட்டினாலும் ஓடும். இறகின் அடி தடத்தைத் தொடக்கூடாது. தடத்தில் கறுப்பாகக் கீறல் விழுந்திருந்தால் தொடுகிறது என்று பொருள், அம்பைச் சற்றுச் சுழற்றி வையுங்கள்.

அம்பின் அடி தட்டையாக, அச்சுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். ரம்பத்தால் அறுத்தபடியே விட்டுவிட்டு இறகைக் குறை சொல்பவர்கள் அதிகம்.

வேகம் போதவில்லை

முதலில் லக்கேஜ் தராசால் இழுவையை அளந்து பாருங்கள். 18 கிலோ என்று நினைத்தது 13 ஆகக் காட்டலாம். மூங்கில் வில் ஈரத்தில் தளரும். காற்றில் ஈரப்பதம் 75 விழுக்காடு நிலைத்து நின்றால் மரம் 14 விழுக்காடு ஈரத்தை எடுத்துக்கொள்ளும், வில்லுக்கு வேண்டியது 10க்குள். கடலோர ஊர்களில் வார்னிஷ் அடிக்காத வில் ஐப்பசியில் தூங்கிவிடும். நாலு நாள் வெப்பமான உலர்ந்த அறையில் வைத்து எடையைக் குறித்துப் பாருங்கள். எடை குறைவது நின்றபின் இரண்டு பூச்சு வார்னிஷ்.

இழுவை சரியாக இருந்தும் வேகம் இல்லையென்றால் தாள் சோதனைக்குப் போங்கள். நாண் கட்டையை அமுக்குவதுதான் அடுத்த திருடன். தடத்தின் மேல்தளத்தை 400 எண் தாளில் தேய்த்து, தேன்மெழுகைத் துணியால் மெருகிடுங்கள். தடத்தில் மட்டும், பூட்டில் அல்ல. நாண் தேவைக்கு மேல் தடிமனாக இருப்பதும் வேகத்தை உண்ணும். அம்பை இலேசாக்கி வேகம் பிடிக்கலாமா என்றால், 20 கிராமுக்குக் கீழே போகாதீர்கள். வெறும் நாண் எய்வதற்கு அருகில் வந்துவிடும்.

நாண் தேய்கிறது, அறுகிறது

எங்கே தேய்ந்திருக்கிறது? நடுவில், கீழ்ப்பக்கம் மட்டும் என்றால் தடம். நடுவின் முன்பக்கத்தில், அம்பின் அகலத்துக்கு என்றால் அம்பின் அடி கூர்மை. நடுவில் இரண்டு ஓரமும் வெட்டுப்பட்டால் பூட்டு வெட்டின் பக்க விளிம்புகள். வில்முனை வளையத்தில் என்றால் முனைப் பள்ளத்தின் ஓரம், அங்கே வட்ட அரம் ஒன்று போதும்.

டாக்ரான் பி-50 என்ற பாலியெஸ்டர் வில்நாண் இழை ஒன்று 22 கிலோ வரை தாங்கும். 16 இழை போட்டால் எண்ணிக்கையில் தேவைக்கு எவ்வளவோ மேல், ஆனால் திரும்பி வரும் அதிர்ச்சியும் உராய்வும் அதில் பெரும் பங்கைத் தின்னும். அதற்குக் குறைத்தால் தடிமன் போதாமல் பூட்டில் சரியாக உட்காரவும் உட்காராது. நடுவில் 12 செ.மீ. நைலான் நூலால் மேல்சுற்று, ஒவ்வொரு சுற்றும் நெருக்கமாக, நகத்தால் தள்ளினால் நகராத இறுக்கத்தில். மேல்சுற்று நகர ஆரம்பித்தால் அன்றைக்கே பிரித்துச் சுற்றுங்கள். டாக்ரான் கிடைக்காத ஊரில் தோல் தைக்கும் பாலியெஸ்டர் நூல் சரி. மீன்பிடி நைலான் நரம்பு நீளும், நாணாகாது.

புது நாண் முதல் முப்பது எய்தலில் நீளும். வில்லின் உட்பக்கத்திலிருந்து நாண் வரை உள்ள தூரத்தைத் தொடக்கத்திலேயே எழுதிவைத்து, 5 மி.மீ. குறைந்தால் முறுக்கேற்றிச் சரிசெய்யுங்கள். முறுக்கின் திசையிலேயே ஏற்ற வேண்டும், எதிர்த் திசையில் போனால் இழைகள் பிரியும்.

வில்லில் 'டிக்' சத்தம், விரிசல், நிரந்தர வளைவு

சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள். நாணைக் கழற்றி, வில் முழுவதும் பஞ்சை உருட்டிப் பாருங்கள். நார் கிளம்பிய இடத்தில் பஞ்சு மாட்டும். வெளிப்பக்கத்தில் ஒரு நார் கிளம்பியிருந்தால், அதன் அடியில் ஃபெவிக்விக் போன்ற மெல்லிய பசை விட்டு, பருத்தி நூலால் 3 செ.மீ. நெருக்கமாகச் சுற்றி எபாக்சி பூசினால் பிழைக்கும், இழுவையைக் குறைத்துத்தான் பயன்படுத்த வேண்டும். உட்பக்கத்தில் குறுக்கே மயிரிழைபோலச் சுருக்கங்கள் தெரிந்தால் அது அமுக்கத்தில் நசுங்கிய நார். அதற்கு மருந்து இல்லை. அந்த வில்லைத் துண்டாக்கி அடுப்புக்குப் போடுங்கள், தொங்கவிட்டு வைத்தால் யாராவது எடுத்து இழுத்துப் பார்ப்பார்கள்.

பட்டைகளுக்கு நடுவே ஒட்டு பிரிந்தால், எந்தப் பசை என்று பாருங்கள். சாதாரண ஃபெவிகால் தொடர்ந்த இழுவையில் மெல்ல நகரும், ஈரத்தில் தளரும். எபாக்சி வேண்டும், ஆனால் அறை வெப்பத்தில் காயும் எபாக்சியும் 50, 60 பாகைச் செல்சியஸ் தாண்டினால் இளகும். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் வில்லை விட்டுப் போனவர்களின் ஒட்டு பிரிவது அதனால்தான்.

நாணைக் கழற்றிய பின் வில் நேராகத் திரும்பாமல் முனை 2 செ.மீ. வரை நாண் பக்கமாக வளைந்து நிற்பது இயல்பு. 3 செ.மீ.க்கு மேல் போனால், நாணைக் கழற்றாமலே விட்டு வைத்திருக்கிறீர்கள், அல்லது வில் அந்த இழுவைக்குக் குட்டை. முதலாவதற்கு இனிமேல் கழற்றி வைப்பதே மருந்து. இரண்டாவதற்குப் பூட்டை 2 செ.மீ. முன்னால் கொண்டுவாருங்கள். வேகம் கொஞ்சம் போகும், வில் நிற்கும்.

மூங்கிலில் மாவுபோலத் தூள் கொட்டினால் உளுப்பு. அது உள்ளே எவ்வளவு தின்றிருக்கிறது என்று வெளியே தெரியாது, நம்பி இழுக்க வேண்டாம்.

வில் இருக்கையில் ஆடுகிறது, கட்டை வெடிக்கிறது

கட்டும் கயிறு நைலானாக இருந்தால் நீளும். சணலோ டாக்ரானோ போட்டு எட்டுச் சுற்றாகக் கட்டி, நடுவில் இரண்டு பக்கச் சுற்றுகளையும் குறுக்கே சேர்த்து நெருக்குங்கள். அந்த நெருக்கல்தான் இறுக்கம் தருவது. வில்லுக்கும் கட்டைக்கும் நடுவில் தோல் துண்டு ஒன்று வைத்தால் நழுவாது, வில்லின் நார் நசுங்காது.

கட்டை வெடிப்பது பூட்டின் வெட்டுக்கு முன்னால், நார் ஓட்டத்தோடு. 18 கிலோவும் அந்த 4 செ.மீ. மரத்தின் மேல்தான் விழுகிறது. வெட்டுக்கு முன்னும் பின்னும் 15 மி.மீ. தள்ளி, கட்டையின் குறுக்கே 5 மி.மீ. போல்ட் ஒன்று துளைத்து, இரண்டு பக்கமும் வாஷர் வைத்து இறுக்குங்கள். ஏற்கெனவே வெடித்திருந்தால் விரிசலை விரித்து எபாக்சி ஊற்றி, கிளாம்பில் 24 மணி நேரம் வைத்துவிட்டுப் போல்ட்டைப் போடுங்கள். காய்ந்ததும் கயிற்றுச் சோதனை, மரச்சுத்தி, இருபது தட்டு.